பாட்டிலைக் கழுவக் கற்றுக்கொடுங்கள்

சாந்திபுரம், குப்பம், ராமகுப்பம், குடுபல்லி, வி.கோட்டா மண்டலங்களில் பள்ளியிலும் கல்லூரியிலும் வேதியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,



உங்களில் சிலர் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். சிலரைச் சிறு பிள்ளைகளாக நான் பார்த்திருக்கிறேன். சாந்திபுரத்தில் பிறந்து, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த ஆய்வகங்களில் முப்பது வருஷம் தண்ணீரையும் மண்ணையும் அளந்து பிழைத்தவன் நான். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு ஒரு பள்ளியில் கூப்பிட்டுச் சுற்றுச்சூழல் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: “சார், எங்க போர் தண்ணில ஈயம் இருக்கா இல்லையான்னு நாங்களே பாக்க முடியுமா?” அன்றைக்குச் சுற்றி வளைத்து ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

முடியும். முக்கால்வாசி வேலையை உங்கள் பள்ளியிலேயே செய்யலாம். விலை உயர்ந்த மிஷின் செய்வது மீதிக் கால்வாசி. அந்த முக்கால்வாசியை நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று பாருங்கள். பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர் வருகிறது. நம் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர். பிறகு தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் போய்க் கடலில் சேர்கிறது. இந்த 33 கிலோமீட்டரில் தடுப்பணை எத்தனை, அணை எத்தனை அடி, தண்ணீர் யாருக்கு என்று எத்தனை வருஷமாகச் சண்டை நடக்கிறது! அந்தத் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று அதே சூட்டோடு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மேலே கோலார் தங்கவயல். நம் மண்டலங்களில் மாமாவோ தாத்தாவோ தங்கவயல் சுரங்கத்தில் இறங்காத தமிழ்க் குடும்பம் குறைவு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி, 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடும் வரை 120 வருஷம் பாறையை அரைத்துத் தங்கம் எடுத்தார்கள். அரைத்துக் கழித்த மண் மூன்று கோடி டன்னுக்கு மேல் அங்கே குன்று குன்றாக நிற்கிறது. சயனைடு மேடு என்று சொல்வோம். சயனைடு வெயிலிலும் காற்றிலும் மெல்லச் சிதைந்து போகும். உலோகம் சிதையாது. ஈயமோ ஆர்சனிக்கோ இருந்தால் அது ஆடிக் காற்றில் பறந்து வேறு இடத்தில் இறங்கும், அவ்வளவுதான். நம் குடுபல்லிப் பக்கத்துச் சிகரகுண்டாவிலும் அதே பாறைத் தொடரில்தான் சுரங்கம் வெட்டினார்கள். கீழே போனால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை: தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் குரோமியமும். நடுவில் நாம். மேலே இருப்பது நம்மிடம் வருகிறதா, எவ்வளவு வருகிறது? வரவில்லை என்றால் அதையும் எண்ணோடு சொல்ல வேண்டும். அந்த எண்ணை எடுக்க நம் பிள்ளைகளை விடத் தகுதியானவர்கள் யார்?

நம் பிள்ளைகளுக்கு அளவை என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரியும். விடிகாலையில் பால் சென்டருக்குப் போய்ப் பாருங்கள். அம்மாவோடு கேன் தூக்கி வந்த எட்டாம் வகுப்புப் பையன், மிஷினில் ஃபேட் எவ்வளவு காட்டுகிறது என்று கண் கொட்டாமல் நிற்பான். நேற்று 4.2, இன்று 3.6 என்றால் அம்மா சும்மா விடுவாளா? “அதே மாடு, அதே தீனி, எப்படிக் குறையும்?” சில நாள் மிஷின் தப்பு. சில நாள் கேனைக் கலக்காமல் அடியிலிருந்து பாலை மொண்டிருப்பார்கள். ராத்திரிப் பாலில் ஆடை மேலே ஏறி நிற்க, கீழே இருந்து எடுத்த கரண்டிப் பாலில் கொழுப்பு எங்கிருந்து வரும்? “கலக்கிட்டு எடு” என்று அம்மா சத்தம் போடுகிறாளே, மாதிரி எடுப்பதன் முதல் விதி அதுதான். கரண்டியில் இருப்பது கேனில் இருப்பதன் பிரதிநிதியாக இருக்க வேண்டும். ஒரு புள்ளி தப்பினால் எத்தனை ரூபாய் போகும் என்று தெரிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, அளவுத் தவறு பற்றித் தனியாகப் பாடம் வேண்டாம். பால் சென்டரிலிருந்து தொடங்கினாலே போதும்.

ஆனால் நம் பிராக்டிகல் வகுப்பு வேறொன்றைக் கற்றுக்கொடுக்கிறது. சொல்வதற்குச் சங்கடமாக இருக்கிறது. நானும் அப்படிப் படித்து வந்தவன்தான். சால்ட் அனாலிசிஸ் நினைவிருக்கிறதா? ஈயம் என்றால் பொட்டாசியம் அயோடைடு விட்டதும் மஞ்சள் வீழ்படிவு. சுட வைத்தால் கரையும், ஆறினால் தங்கப் பொடி போல மினுமினுத்து இறங்கும். அழகான சோதனை, எனக்கு வேதியியல் பிடித்துப் போனதே அந்த மினுமினுப்பைப் பார்த்துத்தான். ஆனால் பரீட்சைக்கு முந்தின நாளே எந்த உப்பு வரும் என்ற செய்தி ஹாஸ்டல் முழுக்கப் பரவிவிடும். டைட்ரேஷனில் மூன்று பியூரெட் அளவும் ஒன்றாக வராவிட்டால் மார்க் குறையும் என்று, இரண்டாவதையும் மூன்றாவதையும் முதலாவதைப் பார்த்து எழுதுவோம். ரெக்கார்டு நோட்டு பளிச்சென்று இருக்கும். பதினெட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? விடை முன்பே ஆசிரியரிடம் இருக்கிறது. நம் வேலை அதற்கு ஒத்துப்போகிற எண்ணை எழுதுவது.

அந்தப் பெண்ணின் வீட்டு போர் தண்ணீருக்கு விடை யாரிடமும் இல்லை. உங்களிடம் இல்லை, என்னிடம் இல்லை, பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் இல்லை. விடை யாருக்கும் தெரியாதபோது தான் சொல்வது சரியா என்று தன்னையே சோதித்துக்கொள்ள ஒரு முறை வேண்டும். அந்த முறையைத்தான் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன்.

அதைக் கற்காமல் நான் வேலைக்குப் போனேன். அதன் விலையை வேறொரு குடும்பம் கொடுத்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரு தனியார் ஆய்வகம். ஆற்றோரக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு வந்தார். பக்கத்து நிலத்தில் கழிவு கொட்டுகிறார்கள் என்று அவருக்குப் பயம். ஒரு லிட்டர் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில், மூடியைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருந்தார். வாங்கி, எண் போட்டு, அளந்தேன். ஈயம் வரம்பைப் போல ஆறு மடங்கு. ரிப்போர்ட் தட்டச்சாகி, சீல் வைத்துப் போனது. இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். கிணற்றை மூடிவிட்டார்களாம். மருமகள் வயிற்றில் பிள்ளையோடு தினம் முக்கால் கிலோமீட்டர் நடந்து தண்ணீர் எடுக்கிறாளாம். “வேற ஏதாவது வழி இருக்கா தம்பி?” என்றார். எனக்கு மனசு கேட்காமல் நானே சைக்கிளில் போய், கழுவிய பாட்டிலில் தண்ணீர் எடுத்து வந்தேன். ஈயம் இல்லை. இன்னொரு முறை எடுத்தேன். இல்லை. அப்புறம்தான் அவரிடம் கேட்டேன், முதல் பாட்டில் எங்கே வாங்கினது என்று. டவுனில் பேட்டரி மெக்கானிக் கடையில் காலியாகக் கிடந்ததாம். நன்றாகக் கழுவித்தான் எடுத்து வந்தாராம்.

பேட்டரி ஆசிட் ஊற்றி வைத்த பாட்டில். மிஷின் பொய் சொல்லவில்லை; அந்தப் பாட்டிலுக்குள் இருந்த ஈயத்தை ஒழுங்காக அளந்து சொன்னது. பாட்டில் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியவன் நான், கேட்கவில்லை. கேட்கச் சொல்லி யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை என்பது ஒரு காரணம்தானே தவிர அந்த மருமகள் நடந்த நடைக்குப் பதில் ஆகாது.

எவ்வளவு சின்ன அளவைத் தேடுகிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டுங்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இன்படி ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஐயாயிரம் லிட்டர் டேங்கர் ஒன்று வகுப்பு வாசலில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது முழுக்க இருக்கலாம் என்று அந்தத் தரம் விடுகிற ஈயம் 0.05 கிராம், ஒரு சிட்டிகை உப்பில் ஒரு பகுதி. காட்மியத்துக்கு வரம்பு இன்னும் குறைவு, 0.003 மில்லிகிராம். பாதரசத்துக்கு 0.001. சால்ட் அனாலிசிஸில் மஞ்சள் வீழ்படிவு கண்ணில் தெரிய ஈயத்தின் வரம்பைவிடப் பல ஆயிரம் மடங்கு ஈயம் வேண்டும். இவ்வளவு நுண்ணிய இடத்தில் விரல் நுனித் தூசியும், பித்தளைக் குழாயும், துருப்பிடித்த மூடியும்கூட அளவைக் கெடுக்கும்.

இதில் பெரிய பாடம் கற்றவர் அமெரிக்காவின் கிளேர் பாட்டர்சன். பூமியின் வயதைக் கண்டுபிடிக்க விண்கல்லில் உள்ள ஈயத்தை அளக்கப் போனார். எண்கள் தாறுமாறாக வந்தன. காரணம் தேடினால், ஆய்வகக் காற்றில் ஈயம், தண்ணீரில் ஈயம், கண்ணாடிப் பாத்திரத்தில் ஈயம், அவர் தலைமுடியிலும் ஈயம். வருஷக்கணக்கில் அறையைத் துடைத்து, காற்றை வடிகட்டி, பாத்திரத்தை ஆசிடில் ஊறவைத்து, பிறகுதான் சரியான எண் கிடைத்தது. 1956-இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று எழுதினார். இத்தனை ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. பெட்ரோலில் கலந்த ஈயம் என்று 1965-இல் சொல்லி, பெரிய கம்பெனிகளின் பகையைத் தேடிக்கொண்டார். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000-இல். பாத்திரம் கழுவுவதில் பிடிவாதமாக இருந்த ஒரு மனிதரின் வேலை உலகத்துக் குழந்தைகளின் ரத்தம் வரை போய்ச் சேர்ந்தது. இந்தக் கதையை வகுப்பில் சொல்லுங்கள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

ஆகவே முதல் வகுப்பு, பாட்டில் கழுவும் வகுப்பாக இருக்கட்டும். புதிய பாலித்தீன் பாட்டில். சோப்புத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், பிறகு பத்து சதவீத நைட்ரிக் ஆசிடில் மூடியோடு சேர்த்து ஒரு ராத்திரி ஊறல், பிறகு டிஸ்டில்டு வாட்டரில் மூன்று முறை. ஆசிடை ஊற்றுவது நீங்கள். அலசுவது கையுறை போட்ட பிள்ளைகள். வயலில் பாட்டிலின் வாய்க்குள்ளோ மூடியின் உட்புறத்திலோ விரல் படக்கூடாது. ஓடும் தண்ணீரென்றால் நீரோட்டத்தை எதிர்கொண்டு நிற்க வேண்டும், காலால் சேற்றைக் கிளறக்கூடாது. இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எல்லாம் அங்கேயே எழுத வேண்டும், வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதக்கூடாது. எடுத்த தண்ணீரில் சில துளி தூய நைட்ரிக் ஆசிட் விட்டு pH இரண்டுக்குக் கீழே வரச் செய்தால், உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டாமல் மாதக்கணக்கில் தாங்கும்.

இதோடு ஒரு பாட்டில் கூடுதலாகப் போக வேண்டும். அதில் டிஸ்டில்டு வாட்டர். வயலுக்குக் கொண்டுபோய், மற்ற பாட்டில்களைத் திறக்கும்போது இதையும் திறந்து மூடி, அதே ஆசிடை அதே அளவு விட்டு, அதே பையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆய்வகத்தில் இதை பிளாங்க் என்போம். தமிழில் வெற்று மாதிரி. வெற்று மாதிரியில் ஈயம் வந்தால் தப்பு ஆற்றில் இல்லை, நம் கையில். அந்தப் பெரியவரின் பாட்டிலோடு அதே போன்ற இன்னொரு பாட்டிலில் சுத்தத் தண்ணீர் ஊற்றி அளந்திருந்தால் அன்றே எனக்கு விளங்கியிருக்கும். இன்னும் இரண்டு வழக்கங்களைப் பழக்குங்கள். ஒரே இடத்தில் இரண்டு பாட்டில் எடுத்து, வேறு வேறு எண் போட்டு, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது ஒன்று. ஒரு மாதிரியில் தெரிந்த அளவு உலோகத்தை நாமே சேர்த்து, சேர்த்தது திரும்ப அளவில் வருகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. பத்து சேர்த்து ஆறுதான் திரும்பி வந்தால், நாம் ஊருக்குச் சொல்லும் எண்ணும் அந்த அளவுக்குக் குறையாகத்தான் இருக்கும்.

மிஷின் எங்கே என்று கேட்பீர்கள். ஈயம், காட்மியம், ஆர்சனிக் ஆகியவற்றை வரம்பளவில் அளக்க அணு உறிஞ்சல் நிறமாலைமானி வேண்டும், அதுவும் கிராஃபைட் உலையோடு, அல்லது ஐ.சி.பி.எம்.எஸ். வேண்டும். அவை பல்கலைக்கழகங்களிலும் பெரிய ஆய்வகங்களிலும்தான் இருக்கும். திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது, ஐ.ஐ.டி., ஐசர் இரண்டும் 2015-இல் வந்துவிட்டன. பள்ளியின் பெயரில் கடிதம் எழுதிக் கேளுங்கள். ஒழுங்காக எடுத்து, ஒழுங்காகக் குறித்து, வெற்று மாதிரியோடு வரும் இருபது பாட்டிலை எந்த ஆராய்ச்சியாளரும் மதிப்பார். வாட்டர் கேன் மூடியில் மண்ணை அள்ளி வந்தால் யார் மதிப்பார்?

அதோடு, பள்ளியிலேயே முடியும் அளவைகளும் உண்டு. இரும்பை ஃபெனாந்த்ரோலினோடு சேர்த்தால் ஆரஞ்சுச் சிவப்பு, கலரிமீட்டரில் அளக்கலாம். தொடங்குவதற்கு இரும்பு நல்லது; நம் போர் தண்ணீரில் கிடைக்கும், ஆபத்தும் குறைவு. அடுத்தது ஆறு இணைதிறன் குரோமியம். டைஃபினைல் கார்பசைடு என்ற வினைப்பொருளை அமிலத்தில் சேர்த்தால் ஊதா கலந்த சிவப்பு வரும். லிட்டருக்கு அரை மில்லிகிராம் இருந்தாலே நிறம் கண்ணுக்குத் தெரியும். குடிநீர் வரம்பான 0.05-க்கு அருகே சாதாரணக் கலரிமீட்டர் திணறும், அதையும் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்கு எடுக்கும் மாதிரியில் நைட்ரிக் ஆசிட் விடக்கூடாது. ஒரு நாளைக்குள் அளந்துவிட வேண்டும்.

குரோமியத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. தோல் பதனிடுவது மூன்று இணைதிறன் குரோமியத்தால். புற்றுநோய் தருவது ஆறு இணைதிறன். அணு உறிஞ்சல் மிஷின் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் தரும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அந்த ஊதாச் சிவப்பு நிறம்தான். லட்சக்கணக்கில் விலை போகும் மிஷின் சொல்லாததைப் பள்ளிக் கலரிமீட்டர் சொல்லும் இடம் இது. பிள்ளைகளுக்கு இதைவிட நம்பிக்கை தரும் செய்தி எது?

ராணிப்பேட்டையில் என்ன நடந்தது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை எழுபதுகளின் நடுவில் தொடங்கித் தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்டது. லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு அங்கேயே நின்றுவிட்டது. மழை பெய்யும்போது மஞ்சளாகக் கசிந்தது. 2006-இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது பிளாக்ஸ்மித் நிறுவனம். தோல் கழிவு பற்றி வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்பதும், சேதம் வரும் முன்பே தடுக்க வேண்டும் என்பதும் இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றது அந்தத் தீர்ப்பில்தான். நம் பாலாற்றால் வந்த சட்டம். ஆனால் 2025 ஜனவரி 30-இல் அதே வேலூர்த் தோல் கழிவைப் பற்றி அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, மேற்பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு. இடையில் 28 வருஷத்துக்கு மேல். தீர்ப்பு இருந்தும் கிணறுகளின் எண்ணை ஊரிலிருந்தே வருஷா வருஷம் எழுதி வைக்க ஆள் இல்லையென்றால் இப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம்.

நம் பக்கத்துக்கே வருவோம். 2021 ஏப்ரல் 30-இல் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நம் மாவட்டத்தில் இருந்த இரண்டு பேட்டரித் தொழிற்சாலைகளை மூடச் சொன்னது. ஈயம்தான் காரணம் என்றது. நிறுவனம் மறுத்தது. உயர் நீதிமன்றம் சில நாளில் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. யார் சரி என்று சொல்ல நான் வரவில்லை. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு, ரத்தத்தில் ஈயம், மண்ணில் ஈயம் என்று போட்டிருந்த எண்களுக்கு என்ன பொருள் என்று புரிந்திருக்கும்? டீக்கடையில் அரசியல் பேசினார்களே தவிர, மாதிரி எங்கே எடுத்தார்கள், எத்தனை எடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்களிடம் படித்த பிள்ளை அதைக் கேட்கும்.

அமெரிக்காவில் ஃபிளின்ட் என்ற ஊரில் கேட்டார்கள். 2014 ஏப்ரலில் அந்த ஊருக்கு ஆற்றுத் தண்ணீரை மாற்றிவிட்டார்கள். அது பழைய ஈயக் குழாய்களை அரித்தது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நகராட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. அவர்களும் அளந்துதான் சொன்னார்கள். ஆனால் முந்தின ராத்திரியே குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டு, காலையில் மெதுவாகத் திறந்து எடுக்கச் சொல்லியிருந்தார்கள். 2015-இல் வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸும் அவர் மாணவர்களும் வீட்டுக்காரர்களுக்கே பாட்டில் அனுப்பி, ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரில் முதல் லிட்டரைப் பிடிக்கச் சொன்னார்கள். 250-க்கும் மேற்பட்ட வீடுகளிலிருந்து பாட்டில் வந்தது. லீஆன் வால்டர்ஸ் என்ற தாயின் வீட்டில் ஒரு மாதிரி லிட்டருக்கு 13,200 மைக்ரோகிராம் காட்டியது. நம் வரம்பு 10.

இதிலிருந்து பிள்ளைகளுக்கு ஒன்றைப் பிடித்துக் கொடுங்கள்: கேள்வி எப்படியோ மாதிரியும் அப்படித்தான். பூமிக்கு அடியில் உள்ள தண்ணீர் எப்படி என்று கேட்டால், மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் தங்கச்சி குடிக்கிற முதல் டம்ளரில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஓடவிடவே கூடாது. இரண்டும் சரியான முறைதான். எதற்கு எது என்று தெரியாதவன் கையில் சரியான முறையும் பொய்யாகிவிடும்.

வேறு சில வேலைகளும் சொல்கிறேன். விநாயக சதுர்த்திக்கு முன்னும் பின்னும் ஏரியின் தண்ணீரையும் அடிமண்ணையும் எடுக்கலாம்; கரைக்கும் பிள்ளையார் சாயத்தில் ஈயமும் குரோமியமும் இருந்தால் அடிமண்ணில் தங்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று 2017 நவம்பர் முதல் சட்டம் இருக்கிறது. காணிப்பாக்கம் விநாயகர் இருக்கும் மாவட்டம் நமது. பண்டிகையைக் குறை சொல்லாமல், ஏரியை மட்டும் அளந்து, அடுத்த வருஷம் களிமண் பிள்ளையாருக்கு ஊரைக் கொண்டுவரலாம். மண் எடுத்தால் பிளாஸ்டிக் கரண்டி, நைலான் சல்லடை. பித்தளைச் சல்லடை வேண்டாம், அது செம்பையும் துத்தநாகத்தையும் கொட்டும்.

ஈயச் சொம்பு ரசம் பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், என்னிடமும் கேட்டார்கள். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்துக்கும் வழங்குகிறது. ரசச் சொம்பு வெள்ளீயம். நாம் அஞ்சுவது காரீயம். இரண்டும் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் அளவை. வகுப்பில் “ஈயம்” என்று பொதுவாகச் சொல்லாமல் காரீயம், வெள்ளீயம் என்று பிரித்துச் சொன்னால் பாட்டியும் பேத்தியும் ஒரே மொழியில் பேசலாம்.

உங்கள் சொந்த ஆய்வகத்துத் தொட்டியையும் ஒரு நாள் பாருங்கள். சால்ட் அனாலிசிஸ் முடிந்ததும் லெட் நைட்ரேட்டும் பொட்டாசியம் குரோமேட்டும் எங்கே போகின்றன? சாக்கடை, அங்கிருந்து பள்ளிக்குப் பின்னால் உள்ள குட்டை. உலோக மாசைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு அதைத் தொட்டியில் ஊற்றச் சொன்னால் பிள்ளைகள் எதை நம்பும்? ஓர் ஓரத்தில் மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் கேன் வையுங்கள். உலோகக் கழிவு அதில் சேரட்டும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

சிலபஸ் முடிக்கவே நேரமில்லை, பாதி நாள் மீட்டிங், ஆசிரியர் பற்றாக்குறை. தெரியும். வருஷத்துக்கு நாலு சனிக்கிழமை கேட்கிறேன். மழைக்கு முன் ஒன்று, ஆற்றில் தண்ணீர் வரும்போது ஒன்று, கோடையில் ஒன்று, நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்க்க ஒன்று. அந்த நோட்டு வருஷா வருஷம் அடுத்த வகுப்புக்குக் கைமாற வேண்டும். பத்து வருஷம் ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்த எண்கள் எந்த அரசு அலுவலகத்திலும் மதிப்புள்ளவை. வங்கதேசத்தில் மஞ்சள் தூளுக்கு நிறம் ஏற்ற காரீய குரோமேட்டைச் சேர்த்துவந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் சந்தையில் மாதிரி எடுத்து அளந்து, அதிகாரிகளோடு சேர்ந்து கண்காணித்தார்கள். 2019-இல் 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயம் 2021-இல் ஒன்றிலும் இல்லை. இரண்டே வருஷம்.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு மாதிரியை வைத்து யாரையும் பயமுறுத்த விடாதீர்கள். எண் கூடுதலாக வந்தால் மறுபடி எடுங்கள், வேறு ஆய்வகத்தில் காட்டுங்கள், பிறகு முதலில் அந்த வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல. ஒன்றும் இல்லை என்று வந்தால் அதையும் அதே அக்கறையோடு எழுதச் சொல்லுங்கள். நம் ஏரியில் ஆர்சனிக் இல்லை என்று ஒரு பிள்ளை நிரூபித்தால் அது தோற்றுப்போன புராஜெக்ட் ஆகாது. அதற்கு முழு மார்க் போடுங்கள். மூன்று அளவு மூன்று விதமாக வந்ததை அப்படியே எழுதிய பிள்ளைக்கும் மார்க் போடுங்கள்.

வரும் ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் இறங்கும் நாளில், எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் நான் வருகிறேன். பஸ் செலவு என்னுடையது. முதல் மாதிரி அந்தப் பெண்ணின் வீட்டு போரிலிருந்து எடுப்போம், பிறகு ஆற்றுக்குப் போவோம். ஒவ்வொரு குழுவும் முந்தின ராத்திரி ஆசிடில் ஊறவைத்துக் கழுவிய ஐந்து பாட்டில் கொண்டுவரட்டும். நாலு பாட்டில் தண்ணீர் பிடிக்க. ஐந்தாவதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மூடிக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
சாந்திபுரத்துப் பழைய ஆய்வக ஊழியன்